நிற்கக் கூடாத வண்டி

வண்டி நின்றால்தான் அந்த வீட்டில் புருஷன் பெண்டாட்டி. இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கிறவர்கள் யாரும் லாரிக்காரனுக்கு வாக்கப்பட்டவர்கள் இல்லை.

எல்லைச் சாவடிக்கு முன்னால் லாரிகள் வரிசையில் நிற்கும். சும்மா நிற்காது. ஏற்றிய பழம் அழுகும் வரை, டிரைவருக்குத் தாடி முளைக்கும் வரை நிற்கும். இந்தப் பக்கத்து அதிகாரி பெட்டியைத் திறந்து பார்ப்பார். அந்தப் பக்கத்து அதிகாரி, இவர் பார்த்ததை நம்பாமல், அதையே மறுபடி திறந்து பார்ப்பார். இந்த அவநம்பிக்கைக்கு நடுவில் ஓர் ஊரே சோறு தின்றது. டீக்கடை, பஞ்சர் கடை, தார்ப்பாய் தைக்கிறவர்கள். அவள் வைத்திருந்தது குளியல் கொட்டகை. தகரக் கூரை, நான்கு தடுப்பு, விறகு அடுப்பில் இரும்பு டிரம். பல நாள் அழுக்கோடு வருகிறவர்களுக்கு ஒரு வாளி வெந்நீர் என்பது என்னவென்று குளியலறை வைத்த வீட்டில் பிறந்தவர்களுக்குத் தெரியாது. வரிசை முழுக்க அவளுக்கு வெந்நீர்க்காரி என்றே பெயர்.

புருஷனும் அப்படிக் குளிக்க வந்தவன்தான். ஆள் பனை உயரம். எல்லோரும் நெட்டையன் என்றார்கள். தடுப்புக்கு மேலே அவன் தலை தெரிந்தது. அந்தத் தலையைப் பார்த்துத்தான் மனசு போனது என்று அவள் சொல்வாள்.

"தலைய மட்டுந்தான் பாத்தாளாம். நம்புவோம்" என்பார் பக்கத்துக் கடை பஞ்சர்க்காரர்.

வரிசை எப்போது நகரும் என்று யாருக்கும் தெரியாது. முன்னால் ஒரு வண்டி இடம் விழுந்தால் போதும், பின்னாலிருப்பவன் மூக்கை நுழைத்துவிடுவான். அதனால் எவனும் இன்ஜினை அணைக்க மாட்டான். நெட்டையன் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் அவள் கேபினில் ஏறி வண்டியை உருட்டுவாள். அவள் இறங்கி வந்ததும் அவன் போவான். சில சமயம் இரண்டு பேரும் கேபினிலேயே இருந்துவிடுவார்கள். வரிசை நகர்ந்தது தெரியாது. பின்னால் ஹாரன் அலறும். ஊருக்கே விஷயம் தெரிந்துவிடும்.

அந்தச் சந்தோஷத்துக்கு விலை புகை. காயப்போட்ட துணியை அழுக்குத் துணியாகத்தான் கொடியிலிருந்து எடுக்க வேண்டும். பாலில் ஆடை படிவதற்கு முன் கரி படியும். பெரியவர்கள் இருமிவிட்டுத் துப்பினார்கள். மகளால் துப்ப முடியவில்லை. இழுப்பு வந்தால் அவள் விலா எலும்பு ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும். அம்மா மருந்துக் குழாயை வாயில் வைத்து அழுத்திவிட்டு, அந்த மூச்சு உள்ளே போகிறதா என்று தன் மூச்சை நிறுத்திக்கொண்டு பார்ப்பாள். காற்று மாற வேண்டும் என்றார் டாக்டர். எங்கே போய் மாற்றுவது? கடையில் கொடுத்து மாற்றிக்கொள்கிற சட்டையா?

அப்போதுதான் அந்தக் கூட்டம் நடந்தது. இந்த தேசத்து அதிகாரிகள், அந்த தேசத்து அதிகாரிகள், இரண்டு பேருக்கும் மின்சார லாரி கொடுக்கப்போகிற மூன்றாவது தேசத்து அதிகாரிகள். பந்தல் போட்டு, மின்விசிறி வைத்து, குளிர்ந்த தண்ணீர் வைத்திருந்தார்கள். புகை தாங்காமல் எல்லோரும் முகத்தில் துணி கட்டியிருந்தார்கள். வெந்நீர்க்காரியை யாரும் கூப்பிடவில்லை. அவளாகவே மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு போய் மைக்கைப் பிடித்தாள்.

"ஒரு மணி நேரம் உக்கார்றதுக்கு மூஞ்சியில துணி கட்டிட்டு வந்திருக்கீங்க. எம் பொண்ணு பொறந்ததுலேர்ந்து இதத்தான் இழுக்கறா. இந்த வரிசைய எடுங்க. எப்படி எடுப்பீங்களோ, எடுங்க."

மொழிபெயர்த்துச் சொன்னதும் ஒரு வெளிநாட்டு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். போட்டோ எடுத்தார்கள். பிறகு பசுமைச் சரக்குப் பாதை என்று போட்ட விளம்பரப் பலகையில் எல்லாம் அந்தக் குழந்தையின் முகம் இருந்தது. அவள் பேசியதால்தான் பாதை வந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் அவள் கேட்டாள். கேட்டது வந்தது.

துறைமுகத்தில் பெட்டியைப் பூட்டி முத்திரை வைப்பார்கள். அந்தப் பக்கத்துச் சந்தை நகரத்தில்தான் திறப்பார்கள். நடுவில் சோதனை இல்லை. வண்டி எங்கேயும் நிற்கவில்லை என்றால் பெட்டிக்குள் யாரும் எதையும் சொருகியிருக்க முடியாது, அதனால் திறந்து பார்க்க வேண்டாம் என்பது ஒப்பந்தம். சார்ஜ் ஏற்றும் யார்டைத் தவிர வேறு எங்கும் சக்கரம் நிற்கக் கூடாது. இரண்டு தேசம் ஒன்றையொன்று நம்புவதற்குப் போட்ட அஸ்திவாரம் இவ்வளவுதான், டிரைவர் நடுவில் இறங்காமல் இருப்பது.

நெட்டையனின் வீடு நடுவில் இருந்தது.

காற்று மாறியது. எல்லைக்கு அப்பால் மலை இருக்கிறது என்பதே ஊரில் பாதிப் பேருக்கு அப்போதுதான் தெரிந்தது. மகளின் மருந்துக் குழாய் அலமாரியில் கிடந்தது. டிரம்கள் கவிழ்ந்து கிடந்தன. குளிக்க ஆளில்லை. பஞ்சர்க்காரர் கடை வாசலில் கால் நீட்டி உட்கார்ந்து, வேலிக்கு அந்தப் புறம் போகும் வெள்ளை லாரிகளைப் பார்த்தார்.

"பஞ்சர் கூட ஆகமாட்டேங்குதும்மா. என்ன சாபமோ" என்றார்.

வெள்ளை லாரிக்கு மாறிய நெட்டையனுக்குப் பாதையின் இரண்டு முனையிலும் படுக்க விடுதி கொடுத்தார்கள். அடுக்குக் கட்டில். நெட்டையனின் கால் கட்டிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். குடும்பத்துக்கு அங்கே இடமில்லை. எப்போதாவது லீவு கிடைக்கும். அதில் பாதி பஸ்ஸில் போய்விடும். வந்தவன் விருந்தாளி மாதிரி செருப்பை எங்கே விடுவது என்று பார்ப்பான். வண்டி ஓட்டும்போது போன் பேசக் கூடாது, கேபினில் கேமரா உண்டு. விடுதியிலிருந்து பேசுவான். சாப்பிட்டியா, சாப்பிட்டேன், பாப்பா தூங்கிட்டாளா, தூங்கிட்டா. அவ்வளவுதான். கேபினில் பக்கத்தில் உட்கார்ந்து மணிக்கணக்கில் பேசியவர்களுக்குப் போனில் பேசத் தெரியவில்லை.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் மத்தியானம் அவன் வண்டி வீட்டுக்குப் பின்னால் கடந்து போகும். அவள் கொட்டகைத் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நின்று கை காட்டுவாள். லாரியும் விளக்கை மினுக்கிவிட்டுப் போகும். சில வாரம் இப்படி நடந்தது.

"நேத்து பளிச்சுனு விளக்குப் போட்டீங்களே, பாப்பா பாத்துட்டுக் குதிச்சா" என்றாள் போனில்.

"நேத்தா? நேத்து என் வண்டி யார்டுலல்ல நின்னுச்சு. பிரேக் பாத்துட்டு இருந்தாங்க."

"அப்ப நான் யாருக்குக் கை காட்டினேன்?"

"எவனுக்கோ."

"அவனும் விளக்குப் போட்டானே!"

"போடுவான். ஏன் போட மாட்டான்?"

எல்லா லாரியும் ஒரே வெள்ளை, கண்ணாடியில் கறுப்புச் சாயம். அவள் எப்படிக் கண்டாள்? அந்த வாரம் விடுதிச் சாப்பாட்டு மேசையில் அந்த தேசத்து டிரைவர் ஒருவன் இந்த ஊர்க்காரர்களைப் புகழ்ந்து தள்ளினானாம். என்ன பாசமான ஜனங்கள், ஒரு பெண் வெயிலில் தொட்டி மேல் நின்று எங்களுக்கெல்லாம் கை காட்டுகிறாள் என்று. நெட்டையன் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டானாம்.

இதற்குப் பிறகு நாத்தனார்தான் வழி சொன்னாள். நெட்டையனின் தங்கை. அண்ணன் லாரி ஓட்டி, அண்ணி வெந்நீர் ஊற்றிப் படிக்க வைத்த பெண். அந்த வீட்டில் முதல் பட்டம் அவளுடையது. பழைய சாவடிக் கட்டடத்திலேயே பாதையின் கண்காணிப்பு அறை வந்தபோது அவளுக்கு அங்கே வேலை கிடைத்தது. திரையில் ஒவ்வொரு வண்டியும் ஒரு பச்சைப் புள்ளி. எல்லைக்கு அந்தப் பக்கத்து அறையிலும் ஒரு பெண் இதே திரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். இரண்டு பேரும் நாள் முழுக்கப் பேசிக்கொள்வார்கள். இவள் அவளை அக்கா என்பாள்.

"அண்ணன் புள்ளி வளைவுக்கு வர்றப்போ ஒரு மிஸ்டு கால் குடுக்கறேன் அண்ணி. அப்ப ஏறுங்க. ஊர்ல போற வர்றவனுக்கெல்லாம் டாட்டா காட்டாதீங்க, மானம் போகுது."

கூடப் பிறந்தவள் அவனைப் புள்ளியாக நாள் முழுக்கப் பார்த்தாள். கட்டிக்கொண்டவள் அவனை ஒரு மினுக்கலாகப் பார்த்தாள்.

அப்படி மிஸ்டு கால் வந்த ஒரு மத்தியானம் லாரி மினுக்கவில்லை. ஓரத்து விளக்கைப் போட்டுக்கொண்டு, வீட்டுக்குப் பின்னாலிருந்த அவசர ஒதுக்கிடத்துக்குள் திரும்பி நின்றது. பழுதான வண்டிக்கு மட்டுமான இடம் அது. வேலியில் மெக்கானிக் வருவதற்கு ஒரு சின்னக் கதவு உண்டு. அதில் குனிந்து நெட்டையன் வந்தான்.

"என்னாச்சுங்க?"

"சார்ஜ் எறங்கிடுச்சு. சார்ஜ் வண்டி வர சாயங்காலம் ஆகும்."

"அதெப்படி எறங்கும்?"

"எறங்கும். ஏசியையும் ஹீட்டரையும் சேத்துப் போட்டுட்டு, மேட்டுல நல்லா மிதிச்சுட்டு வந்தா எறங்கும்."

அவள் அவன் தோளில் ஓங்கி அடித்தாள். சிரித்தாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு டிரம்மை நிமிர்த்தி அடுப்பை மூட்டினாள். அவன் குளித்தான். தடுப்புக்கு மேல் தலை தெரிந்தது. சோறும் முட்டையும் தின்றான். கால் நீட்டிப் படுத்தான். கால் எதிலும் இடிக்கவில்லை. அவள் அவன் கெண்டைக்காலை அழுத்திவிட்டுக்கொண்டே கதவைச் சாத்தினாள்.

சாயங்காலம் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள். ஒதுக்கிடத்தில் லாரியைப் பார்த்தவுடன் பையைத் தெருவிலேயே போட்டுவிட்டு ஓடி வந்தாள். அவன் அவளையே பார்த்தான்.

"இவ எப்ப ஓடக் கத்துக்கிட்டா?"

"நீங்க அந்தப் பக்கமா போயிட்டிருக்கறப்போ."

அடுத்த வாரமும் வண்டி அதே இடத்தில் நின்றது. "மத்த ஊர்லல்லாம் நல்லா இருக்கு. நம்ம ஊர் வந்தா மட்டும் இந்த வண்டிக்கு மயக்கம் வந்துடுதே, மாசமா இருக்குதோ" என்றார் பஞ்சர்க்காரர். நெட்டையன் பாதிச் சாப்பாட்டில் இருந்தபோது நாத்தனார் செருப்போடு உள்ளே வந்தாள்.

"அண்ணா, எந்திரி."

"கைய கழுவிக்கட்டுமா?"

"போன தடவ என்னன்னு கேட்டாங்க, பேட்டரின்னு சொன்னேன். நம்பினாங்க. இன்னைக்கு அந்தப் பக்கத்து அக்கா என்ன கேக்கறாங்க தெரியுமா? 'தங்கச்சி, அந்த வண்டி நிக்கற எடத்துல யாரு வீடு இருக்கு?' அப்படின்னு கேக்கறாங்க."

பள்ளிக்கூடம் லீவு என்று வீட்டிலிருந்த மகள் எல்லோர் முகத்தையும் பார்த்தாள்.

"நீ என்ன சொன்ன?" என்றான் நெட்டையன்.

"லைன் சரியில்லன்னு வெச்சுட்டேன். எவ்வளவு நாளைக்கு லைன் சரியில்லாம இருக்கும்?"

"ரெண்டே தடவ. அதுக்கு ஏன் இப்படிக் குதிக்கற?"

"நின்ன வண்டிய அங்க தொறந்து பாக்கணும். கூட வந்த அத்தன வண்டியையும் தொறக்கணும். மூணாவது தடவ நின்னா எல்லா வண்டிக்கும் சோதனைன்னு எழுதி வெச்சிருக்கு. சாவடிய மறுபடி தொறப்பாங்க. வரிசை நிக்கும். வரிசையில நிக்கறதுக்கா இவ்வளவு வெல குடுத்து மின்சார வண்டி வாங்கினோம்னு முதலாளிங்க பழைய டீசல் வண்டியத் தூசி தட்டிட்டு வருவாங்க. அப்புறம்…"

மேலே சொல்லாமல் மகளைப் பார்த்தாள்.

"ஒருத்தன் பொண்டாட்டி கையால சோறு தின்னா ரெண்டு தேசம் சண்ட போடுமா?"

"போடும்."

"அப்ப பேட்டரின்னே சொல்லிக்க."

"ரெண்டு தடவ பேட்டரின்னா வண்டியப் பிரிச்சுப் பாப்பாங்க. ஒண்ணும் இருக்காது. உன்ன வேற பாதைக்குத் தூக்கிப் போடுவாங்க. இப்ப கொல்லப்பக்கமாவது போற. அப்ப அதுவும் இல்ல."

"வேலைய விட்டுடறேன்."

"விட்டுட்டு?" என்றாள் வெந்நீர்க்காரி. அவள் பேசிய முதல் வார்த்தை.

"கொட்டகை இருக்குல்ல."

"யாரு குளிக்கிறது? நீங்களும் நானும் மாத்தி மாத்தியா?"

மகள் களுக்கென்று சிரித்தாள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. தட்டைத் தள்ளினான்.

"பழைய வரிசையே இருந்திருக்கலாம்."

சிரிப்பு நின்றது. மகள் எழுந்து அலமாரிப் பக்கம் போய் முதுகைக் காட்டி நின்றுகொண்டாள்.

"அந்த வார்த்தைய இவ முன்னால சொல்லாதீங்க" என்றாள் மனைவி. குரல் உயரவில்லை. "எனக்கு மட்டும் சொல்லுங்க, கேட்டுக்கறேன். இவ முன்னால வேண்டாம்."

அவன் கை கழுவப் போனான். போனவன் திரும்ப வந்து உட்காரவில்லை. வேலிக் கதவில் குனிந்து போய்விட்டான்.

அதே நினைப்பு அவளுக்கும் உண்டு என்பதுதான் கொடுமை. அவனுடைய பழைய பனியன் ஒன்றைத் துவைக்காமல் வைத்திருந்தாள், டீசல் நாற்றத்துக்காக. மகளைக் கொல்லப் பார்த்த நாற்றம். அதை முகர்ந்துவிட்டு, உடனே தன்னையே திட்டிக்கொண்டு மடித்து வைப்பாள். வரிசையை எடு என்று மைக்கில் கத்தியவள் அவள். கேட்டது கிடைத்தவர்களுக்கு அழுகிற உரிமை இல்லை என்று ஊர் நினைக்கிறது. ஊருக்கென்ன? புருஷனும் வேண்டும், பிள்ளைக்கு மூச்சும் வேண்டும் என்பது பேராசையா? அந்தப் பந்தலில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர்கூட இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டு வீட்டுக்குப் போகவில்லை.

அவன் விடுதியிலிருந்து பேசினான்.

"நாளன்னிக்கு வரேன்."

"வந்து?"

"வரேன்னு சொன்னேன்."

"நின்னுடாதீங்க."

அவன் போனை வைத்துவிட்டான்.

நாத்தனாரிடம் சொன்னாள். நாத்தனார் அன்று சாப்பிடாமல் வேலைக்குப் போனாள்.

அவன் சொன்ன நாளில் மத்தியானம் வெந்நீர்க்காரி தொட்டி மேல் ஏறவில்லை. வேலிக் கதவைத் தாண்டி ஒதுக்கிடத்தின் வாயிலேயே போய் நின்றாள். வெயில் தார்ச்சாலையில் தண்ணீர் மாதிரி அசைந்தது. மிஸ்டு காலுக்குப் பதில் போனே வந்தது.

"அண்ணி, மறுபடி அதத்தான் பண்ணிட்டு வர்றான். சார்ஜ் அடிமட்டத்துல இருக்கு."

"அடுத்த யார்டு வரைக்கும் போகாதா?"

"போகும். மெதுவா உருட்டிட்டுப் போனா போகும். அவன் நெனச்சாத்தானே? அந்தப் பக்கத்து அக்காவும் அதே புள்ளியத்தான் பாத்துட்டிருக்காங்க அண்ணி. 'பாக்கலாம் தங்கச்சி'ன்னாங்க. வேற எதுவும் சொல்லல."

"நீ வை. நான் பாத்துக்கறேன்."

வளைவில் லாரி தெரிந்தது. ஓரத்து விளக்கு மினுங்கியது. முகப்பு ஒதுக்கிடத்தை நோக்கித் திரும்பியது. அவள் இரண்டு கையையும் விரித்து வழியை மறித்தாள். லாரியின் வேகம் குறைந்துகொண்டே வந்தது. கண்ணாடி இறங்கியது.

"தள்ளு!"

"நிக்காதீங்க."

"தள்ளுடி, மேல ஏத்திடுவேன்."

"ஏத்துங்க. ஏத்திட்டும் நிக்கக் கூடாது."

அவன் அவளைப் பார்த்தான். கண் சிவந்திருந்தது. தூங்கியிருக்க மாட்டான். சக்கரம் ஊர்ந்தது. ஒரு முழம், இன்னொரு முழம். அவள் அசையவில்லை. கடைசியில் அவன் ஸ்டியரிங்கை ஓங்கி ஒரு குத்துக் குத்திவிட்டு வண்டியைச் சாலைப் பக்கம் திருப்பினான். ஓரத்து விளக்கு அணைந்தது. ஆனால் அவன் கால் மிதிக்கவில்லை. போக மனசில்லாத வண்டி நடக்கிற வேகத்தில் நகர்ந்தது. அவள் பக்கத்தில் நடந்தாள்.

போன் அடித்தது.

"அண்ணி! அது நகருதா, நிக்குதா?"

"நகருது."

"சரியா பாத்து சொல்லுங்க. இங்க திரையில நிக்கற மாதிரியே இருக்கு."

"கூடவே நடந்துட்டிருக்கேன். நகருது."

மறுமுனையில் யாரோடோ பேசுவது கேட்டது. பிறகு நாத்தனாரின் குரல் மாறி வந்தது. "சார்ஜ் கம்மின்னா மெதுவா போகலாம்னு விதியிலயே இருக்காம். அக்காதான் எடுத்துச் சொல்றாங்க. நகரட்டும் அண்ணி. நின்னா மட்டும் என்கிட்ட வராதீங்க."

டீசல் வண்டியாக இருந்தால் காட்டுக் கத்தல் கத்தியிருக்க வேண்டும். இதில் சக்கரம் தாரில் உரசுகிற ஓசை மட்டும்தான். சாதாரணமாகப் பேசினால் போதும்.

"தோச்சுப் போடாத சட்டையே போட்டிருக்கீங்க" என்றாள்.

"விடுதியில சோப்பு தீந்துபோச்சு."

"கண்ணு ஏன் இப்படி இருக்கு?"

"பக்கத்துக் கட்டில்காரன் குறட்டை. லாரியே தேவலாம்."

"பாப்பாவுக்கு முன்பல்லு ஆடுது. நீங்கதான் புடுங்கணுமாம். என்ன தொட விடமாட்டேங்கறா."

"லீவு வரைக்கும் தாங்குமா?"

"தாங்காது. நாக்காலயே தள்ளிட்டிருக்கா."

அவன் சிரித்தான். ஜன்னலுக்கு வெளியே முழங்கையை வைத்தான். அவள் எட்டித் தொடப் பார்த்தாள், கேபின் உயரம். அவன் கையைக் கீழே தொங்கவிட்டான். விரல் நுனி எட்டியது. பிடித்துக்கொண்டே நடந்தாள். ஒரு செருப்பு கழன்று பின்னால் போனது, எடுக்கக் குனியவில்லை. பின்னால் வந்த லாரிகளும் ஒன்றன்பின் ஒன்றாக வேகம் குறைந்து ஊர்ந்தன. அந்தப் பாதையில் ஹாரன் அடிக்கக் கூடாது. அதனால் எல்லோரும் பேசாமல் வந்தார்கள்.

"அன்னைக்கு நான் சொன்னத பாப்பா மனசுல வெச்சிருக்காளா?"

"வெச்சிருக்கா. நேத்து என்கிட்ட, நான் வேணா கொஞ்சம் இருமிக்கறேம்மா, அப்பா வரட்டும்னா."

அவன் சாலையையே பார்த்தான். விரல்களை இறுக்கினான். பாதிக் கண்ணீரும் பாதி வியர்வையுமாக இருந்த முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டான்.

"இனிமே நிக்க மாட்டேன்னு சொல்லு அவகிட்ட."

"சொல்றேன். ஆனா இந்த எடத்துல சார்ஜ் கொஞ்சம் கம்மியாத்தான் வரணும்."

"வரும்."

முன்னால் பாலம் தெரிந்தது. குறுகலான பாலம், லாரிக்கு மட்டும்தான் அகலம். நடப்பவர்களுக்கு இடமில்லை. அவள் அதைப் பார்த்தாள். நடையைக் கொஞ்சம் எட்டிப் போட்டாள்.

"இன்னொண்ணு கேளுங்க. பஞ்சர்க்கார அண்ணன் கேட்டதுக்கு இவ என்ன சொன்னா தெரியுமா? எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சோம். அவர் இவளப் பாத்து, ஏன்டி…"

பாலத்தின் கைப்பிடிச் சுவர் வந்துவிட்டது. விரல் நழுவியது. அவள் நின்றாள். லாரி நகர்ந்துகொண்டே இருந்தது. அவன் இடுப்பு வரை ஜன்னலுக்கு வெளியே எட்டித் திரும்பினான்.

"என்ன சொன்னா? ஏய், என்ன சொன்னா?"

"நாளன்னிக்கு!"

லாரிகள் ஒவ்வொன்றாக அவளைத் தாண்டிப் பாலத்தில் ஏறின. கடைசி வண்டி போகும் வரை நின்றுவிட்டு, சுடுகிற தாரில் ஒற்றைக் காலால் தத்திக்கொண்டு செருப்பைத் தேடித் திரும்பி நடந்தாள். பஞ்சர்க்காரர் எதுவும் கேட்கவுமில்லை, மகள் எதுவும் சொல்லவுமில்லை. பாலம் கிட்ட வருவதைப் பார்த்துவிட்டுத்தான் அவள் அந்தப் பேச்சையே எடுத்தாள். நாளன்றைக்குள் எதையாவது யோசித்துக்கொள்ளலாம்.